ஸ்ட்ரீட் காருக்கு வி8 ப்ளாக் எடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

அமெரிக்கன் வி8 பில்டு பண்ணலாம்னு இறங்கற பலபேர் கேம் எது போடறது, ஹெட் எது, கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனான்னு மாசக்கணக்கா மண்டைய உடைச்சுக்கறாங்க, ஆனா ப்ளாக், அதாவது சிலிண்டர்களும் க்ராங்கும் உக்கார்ற என்ஜினோட உடம்பு மட்டும் எங்கயாவது சல்லிசா கிடைச்சா யோசிக்காம தூக்கிட்டு வந்துடறாங்க. கேம் சரியில்லன்னா கழட்டி வேற போட்டுக்கலாம், ஹெட்டும் அப்படித்தான். ப்ளாக் சரியில்லன்னு தெரியவரும்போது மெஷின் ஷாப்ல கொட்டின காசு மொத்தமும் அதோட சேர்ந்து போயிருக்கும்.

முதல் தப்பு, எவ்ளோ ஹார்ஸ்பவர் வேணும்னு முடிவு பண்ணாமலே ப்ளாக் வாங்கறது. ஃபோர்டு 302-வ (302 க்யூபிக் இன்ச் கொள்ளளவு) எடுத்துக்கோங்க. 4 இன்ச் போர் (சிலிண்டர் விட்டம்), 3 இன்ச் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்), சின்ன எடை, மஸ்டாங்ல அப்படியே உக்காரும், 400 ஹார்ஸ்பவருக்குள்ள ஓட்டறதா இருந்தா அருமையான ப்ளாக். ஆனா அதுலயே 347 ஸ்ட்ரோக்கர் கிட் (ஸ்ட்ரோக்க நீட்டற க்ராங்க் செட்) போட்டு மேல ஒரு சூப்பர்சார்ஜரும் வச்சு 500-ஐ தாண்டினீங்கன்னா கம்பெனி ப்ளாக் லிஃப்டர் வேலில (ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவுல இருக்கற பள்ளம்) நீளவாக்குல பிளந்துக்கும், இது அந்த ப்ளாக்கோட ஊரறிஞ்ச பலவீனம். க்ராங்க கீழ இருந்து பிடிக்கற மெயின் கேப்ஸ எல்லாம் சேத்துப் பிடிக்கற கர்டில் போட்டா தப்பிச்சுக்கலாம்னு சிலர் சொல்வாங்க. கர்டில் கேப்பத்தான் பிடிக்கும், விரிசல் வர்றது மேல வேலில, அங்க அதால ஒண்ணும் பண்ண முடியாது. அவ்ளோ பவர் வேணும்னா 351 விண்ட்சருக்குப் போங்க. டெக் ஹைட் (க்ராங்க் நடுவுலருந்து ப்ளாக்கோட மேல் தளம் வரைக்கும் உள்ள உயரம்) 8.2 இன்ச்சுக்குப் பதிலா 9.5, க்ராங்கோட மெயின் ஜர்னல் விட்டமும் 2.25-க்குப் பதிலா 3 இன்ச், 4 இன்ச் க்ராங்க் போட்டா 408 க்யூபிக் இன்ச் வரைக்கும் போகலாம். ஒண்ணு மட்டும், என்ஜின் உயரமும் அகலமும் கூடும், ஹெடரும் இன்டேக்கும் வேற வாங்கணும், பானெட் மூடுதான்னு முன்னாடியே அளந்து பாத்துக்கணும்.

அடுத்தது ஃபோர் போல்ட் மோகம், அதாவது மெயின் கேப்புக்கு ரெண்டுக்குப் பதிலா நாலு போல்ட். செவி (செவ்ரோலே) 350 விக்கறவங்க எல்லாரும் முதல்ல சொல்றதே இதுதான். 3970010-னு காஸ்டிங் நம்பர் இருந்தா ஃபோர் போல்ட்னு நினைச்சு கூடுதல் காசு குடுத்துடாதீங்க, அதே நம்பர்ல டூ போல்ட்டும் வந்திருக்கு, ஆயில் பேன கழட்டிப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். அதவிட முக்கியமான விஷயம், டர்போ நைட்ரஸ் எதுவும் இல்லாத 400 ஹார்ஸ்பவர் ஸ்ட்ரீட் காருக்கு நல்ல நிலைல இருக்கற டூ போல்ட் ப்ளாக்கே தாராளமா போதும். ஸ்மால் ப்ளாக் 400-ல கதை இன்னும் தலைகீழ். அதுல வெளிப்பக்க போல்ட்டுக்கு ஓட்டை போட்ட இடத்துலயே இரும்பு மெலிசாயிடுது, அதனால டூ போல்ட் 400-ஐத் தேடி வாங்கி சாய்வா போல்ட் இறங்கற ஸ்டீல் கேப் போடறவங்கதான் விவரம் தெரிஞ்சவங்க. போல்ட்ட எடுத்துட்டு ஸ்டட் போட்டாலும் சரி, கேப் மாத்தினாலும் சரி, லைன் ஹோனிங் (மெயின் ஓட்டைகள ஒரே நேர்கோட்டுல தேய்ச்சு வட்டமாக்கறது) பண்ணாம க்ராங்க உக்கார வைக்காதீங்க, இறுக்கம் மாறினா மெயின் ஓட்டையோட வட்டமும் மாறும்.

இப்ப நிஜமாவே ப்ளாக்கோட தலையெழுத்த நிர்ணயிக்கறது எதுன்னு சொல்றேன்: சிலிண்டர் சுவரோட கனம். வார்க்கும்போது உள்ள இருக்கற மணல் கோர் லேசா நகர்ந்தாக்கூட ஒரு சிலிண்டருக்கு ஒரு பக்கம் தடியாவும் எதிர்ப்பக்கம் மெலிசாவும் ஆயிடும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரே வருஷம், ஒரே நம்பர், பக்கத்து பக்கத்துல வச்ச ரெண்டு ப்ளாக்ல ஒண்ணு தங்கமா இருக்கும், இன்னொண்ணு இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு. இத கண்டுபிடிக்கத்தான் சோனிக் டெஸ்ட். ஒவ்வொரு சிலிண்டர்லயும் மேல, நடுவுல, கீழ சுத்தி சுத்தி ப்ரோப் வச்சு அளந்து ஒரு தாள்ல எழுதித் தருவாங்க. அந்தத் தாள வாங்கினதும் மொதல்ல த்ரஸ்ட் பக்கத்தப் பாருங்க, அதாவது பவர் ஸ்ட்ரோக்ல பிஸ்டன் அழுத்தற பக்கம், இந்த வி8-கள்ல ரெண்டு பேங்க்லயுமே அமெரிக்க காரோட பயணி பக்கம். அங்க போர் பண்ணி (சிலிண்டர கடைஞ்சு பெரிசாக்கி) முடிச்ச பிறகு 200 தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) நின்னா பில்டர்கள் நிம்மதியா இருப்பாங்க, 120-க்குக் கீழ போனா பவர் பில்டுக்கு அத வச்சுக்காதீங்க. மெலிசான சுவர் எரிப்போட அழுத்தத்துலயே விரியும், வட்டம் கெடும், ரிங் சீல் ஆகாது, சூடு ஏறும், கடைசில ட்ராஃபிக்ல நிக்கும்போது டெம்பரேச்சர் முள் மேல போய்க்கிட்டே இருக்கும், நீங்க ரேடியேட்டர மாத்திக்கிட்டே இருப்பீங்க.

சுவர் எப்படி இருக்குன்னே பாக்காம 60 தவ் போர் பண்ணச் சொல்றவங்கள பாத்தா வருத்தமா இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க. 350-ஐ 30 தவ் போர் பண்ணா 355, 60 பண்ணா 360. அஞ்சு க்யூபிக் இன்ச்சுக்காக 15 தவ் சுவர தூக்கிக் குடுக்கறோம், அந்த ப்ளாக்குக்கு அடுத்த ரீபில்டும் கிடையாது. அதே 30 தவ் போர்ல 3.75 ஸ்ட்ரோக் க்ராங்க் போட்டா 383 வந்துருது. அதுக்கு ராட் போல்ட் இடிக்கற இடத்துல பேன் ரெயிலயும் (ஆயில் பேன் மாட்டற ஓரம்) சிலிண்டர் அடிப்பகுதியையும் கொஞ்சம் க்ரைண்ட் பண்ணணும், ஆழமா போனா வாட்டர் ஜாக்கெட்ல ஓட்டை விழும், ராட் கேம்ல இடிக்குதான்னும் கையால சுத்திப் பாக்கணும், அதனால அனுபவம் உள்ளவங்ககிட்ட குடுங்க.

விரிசல் விஷயத்துல ஏமாறாதீங்க. பனிக்கால ஊர்கள்ல இருந்து வர்ற ப்ளாக்னா இன்னும் கவனம், ஏன்னா ஆன்டிஃப்ரீஸ் இல்லாம வெறும் தண்ணியோட நிறுத்தின காருக்குள்ள தண்ணி உறைஞ்சு வாட்டர் ஜாக்கெட்ட பிளந்துடும். வெளிப்பக்கம் பேன் ரெயிலுக்கு மேல நீளமா ஒரு கோடு, இல்லன்னா லிஃப்டர் வேலிக்குள்ள. புதுசா தடியா பெயின்ட் அடிச்ச ப்ளாக்னா அங்க விரல வச்சுத் தடவிப் பாருங்க, எபாக்ஸி வச்சு தேய்ச்சு மூடியிருந்தா வார்ப்போட சொரசொரப்பு அந்த இடத்துல மட்டும் இருக்காது. அப்படி ஒண்ண உங்க தலைல கட்டிட்டா திருப்பிக் குடுக்க முடியாது, அதனால முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே மேக்னஃப்ளக்ஸ் (காந்தத்தால விரிசல காட்டற டெஸ்ட்) பண்ணிப் பாக்க ஒத்துக்குவாரான்னு கேளுங்க. அலுமினியத்துல காந்தம் வேலை செய்யாது, அதுக்கு ப்ரெஷர் டெஸ்ட்.

அலுமினியம்னதும் எல்எஸ் (ஜிஎம்மோட பின்னாடி வந்த வி8 குடும்பம்) ஞாபகம் வருது. எடை குறைவுன்னு கண்ண மூடிட்டு எல்எஸ்1 ப்ளாக் வாங்கறாங்க. இரும்பு எல்எஸ்-ஸோட பாத்தா சுமார் 45 கிலோ குறைவுதான், மூக்குல அவ்ளோ எடை குறைஞ்சா வண்டி திரும்பறதே வேற மாதிரி இருக்கும், அத மறுக்கல. ஆனா அதோட லைனர் (சிலிண்டருக்குள்ள இருக்கற இரும்புக் குழல்) ரொம்ப மெலிசு, லேசா ஹோன் பண்ணலாம் அவ்ளோதான், போர்ல ஆழமா கோடு விழுந்திருந்தா புது லைனர் இறக்கற செலவுதான். டர்போ போடற எண்ணம் இருந்தா சில்வராடோ, டாஹோ மாதிரி வண்டில வந்த இரும்பு 5.3 இல்லன்னா 6.0 தேடுங்க, ஒவ்வொரு மெயின் கேப்லயும் ஆறு போல்ட், பக்கவாட்டு சுவர் க்ராங்குக்குக் கீழ வரைக்கும் இறங்கியிருக்கும். 5.3-ல ஒரு வரம்பு இருக்கு, போர் 3.78 இன்ச்தான், எல்எஸ்3 ஹெட்டுக்கு 4 இன்ச் போர் வேணும், இல்லன்னா வால்வு சிலிண்டர் ஓரத்துல இடிக்கும். ஹெட்ட முதல்ல வாங்கிட்டு ப்ளாக்க அப்புறம் தேடறவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க. எல்எஸ்-ல ஜென் 3-னு சொல்ற தலைமுறைல க்ராங்க்ல இருக்கற ரிலக்டர் சக்கரத்துக்கு 24 பல், ஜென் 4-ல பெரும்பாலும் 58, ஈசியு (என்ஜின் கம்ப்யூட்டர்) எது வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு வாங்குங்க.

பழைய செவில வருஷத்தையும் பாக்கணும். 1986-லருந்து ரியர் மெயின் சீல் (க்ராங்கோட பின்பக்க ஆயில் சீல்) ஒரே துண்டு, அதுக்கு முன்னாடி ரெண்டு துண்டு, க்ராங்க், ஃப்ளைவீல், ஆயில் பேன் எல்லாமே மாறும். ஆயில் அளக்கற கம்பிகூட 1980-லருந்து பயணி பக்கம் போயிருச்சு. கையில இருக்கற பார்ட்ஸ் எந்த வருஷத்துக்கானதோ அந்த வருஷ ப்ளாக் வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

பழைய ப்ளாக்னா கண்டிப்பா மலிவுன்னு நம்பறதும் தப்பு. க்ளீனிங், க்ராக் டெஸ்ட், சோனிக், போர், டெக் (மேல் தளத்த சீவறது), புது கேப், லைன் ஹோனிங் எல்லாத்தையும் ஒரு தாள்ல கூட்டுங்க, 550 600 ஹார்ஸ்பவர் குறி வச்சிருந்தா டார்ட் கம்பெனியோட எஸ்எச்பி மாதிரி புது ப்ளாக் கிட்டத்தட்ட அதே செலவுல வந்து நிக்கலாம், சுவரும் தடி. ஆனா பெட்டிய பிரிச்சு நேரா அசெம்பிள் பண்ணிடாதீங்க, கடைசி ஹோனிங்குக்காக போர சில தவ் சின்னதா விட்டேதான் அனுப்புவாங்க.

பழசோ புதுசோ, பிஸ்டன் கைக்கு வர்றதுக்கு முன்னாடி போர் பண்ணச் சொல்லாதீங்க. எட்டு பிஸ்டனையும் மெஷின் ஷாப்ல குடுத்து, மைக்ரோமீட்டர்ல ஒவ்வொண்ணா அளந்து அதுக்கேத்த க்ளியரன்ஸ் வச்சு, டார்க் ப்ளேட்ட (ஹெட் மாதிரியே ப்ளாக்க இறுக்கற தடி பலகை) ஹெட்டுக்கு உண்டான இறுக்கத்துல மாட்டி ஹோன் பண்ணித் தரச் சொல்லுங்க, டார்க் ப்ளேட் இல்லன்னு சொல்ற கடைனா வேற கடை பாருங்க.