டர்ட்டி பைப்: உங்கள் டெபியன் 11-இல் ஓட்டை அடைபட்டதா என்று பார்க்கும் முறை

மேக்ஸ் கெல்லர்மன் என்ற மென்பொருளாளர் 2022 மார்ச் 7 அன்று வெளிப்படுத்திய டர்ட்டி பைப் (பாதுகாப்புக் குறைபாட்டு எண்: சிவிஇ-2022-0847), டெபியன் உள்ளிட்ட லினக்ஸ் இயங்குதளங்களின் மையப் பகுதியான கெர்னலில் 5.8 பதிப்பு முதல் இருந்துவந்த ஓட்டை. கணினிக்குள் சாதாரணப் பயனராக ஏற்கெனவே நுழைந்துவிட்ட ஒருவர், தமக்குப் படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பை மாற்றி, கணினியின் முழு நிர்வாக உரிமையான ரூட் அதிகாரத்தைக் கைப்பற்ற இது வழிவிடுகிறது. ஒரு நிரலின் தரவை இன்னொன்றுக்குக் கடத்தும் வழியான பைப்பின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) இருந்த பழைய ஃபிளாக்கை (நிலைக்குறியை) கெர்னல் அழிக்காமல் விட்டதால், பைப்பில் எழுதுவது பேஜ் கேச்சில் (கோப்புகளின் நகல் இருக்கும் நினைவகப் பகுதியில்) உள்ள கோப்பின் மீதே போய் விழுந்தது.

முதலில் டெர்மினலில் ஆப்ட் அப்டேட், அடுத்து ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் ஆகியவற்றை ரூட் உரிமையுடன் இயக்குங்கள். எந்தப் பொதி (மென்பொருள் தொகுப்பு) மாறுகிறது என்பது கண்ணெதிரே தெரிவதால், வரைகலைப் புதுப்பிப்புக் கருவிகளைவிட இதையே பரிந்துரைக்கிறேன். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதுவரை நினைவகத்தில் ஓடுவது பழைய கெர்னல்தான்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்ததுதான். யூநேம் கட்டளையை 'ஆர்' தெரிவுடன் இயக்கினால் 5.10.0-11-ஏஎம்டி64 என்று வரலாம். ஓட்டையுள்ள 5.10.92-1, திருத்தப்பட்ட 5.10.92-2 ஆகிய இரண்டுக்கும் இதே பெயர்தான் என்பதால், இதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. 'வி' தெரிவுடன் இயக்கி, வரியில் 'டெபியன்' என்பதை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்: 5.10.92-2 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் போதும். லினக்ஸ் திட்டம் நேரடியாக வெளியிடும் மூலக் கெர்னலில் திருத்தம் வந்தது 5.10.102-இல் ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம். டெபியன் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் பழைய பதிப்பில் சேர்த்துக்கொண்டது.

இணையத்தில் கிடைக்கும் தாக்குதல் நிரலை ஓட்டிச் சோதிப்பதை நான் ஏற்பதில்லை. அவற்றுள் சில கடவுச்சொல் கோப்பிலேயே கை வைக்கின்றன. அந்த மாற்றம் பெரும்பாலும் வட்டில் எழுதப்படாமல் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும் என்றாலும், அதுவரை உள்நுழைவு குலைந்து கிடக்கும்.

பின்சேர்க்கை: நிரல்களைத் தனித்து ஓட்டும் சூழலான டாக்கர் கன்டெய்னருக்குள் பொதிகளைப் புதுப்பித்தும் பதிப்பு எண் மாறவில்லை என்று வாசகர் சிலர் எழுதியிருந்தார்கள். கன்டெய்னருக்கெனத் தனிக் கெர்னல் கிடையாது. அங்கே காட்டப்படுவது, கன்டெய்னரை ஓட்டும் ஹோஸ்ட் கணினியின் கெர்னல். ஆகவே மேற்சொன்ன படிகள் அனைத்தையும் ஹோஸ்டில்தான் செய்ய வேண்டும்.