ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்: மதுரைச் சாலைகளில் ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கும் முறை

மதுரையில் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போவதாகச் சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஒருவர் உடனே "மேனுவல் கியர்தானே?" என்று கேட்பார். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் நல்ல ஓட்டுநராகவே இருப்பார். கையும் காலும் ஒன்றுசேர்ந்து கியர் மாற்றும் சுகத்தைப் பல ஆண்டுகள் நானும் அனுபவித்திருக்கிறேன். இருந்தும், நம் ஊரில் தினமும் எடுத்து ஓட்டப்போகும் வேகக் காருக்கு ஆட்டோமேட்டிக்கே பொருத்தம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த முடிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயருக்குள் வேலை செய்யும் விதத்திலேயே வேறுபட்ட பல கியர்பாக்ஸ்கள் அடங்கியிருக்கின்றன. நீங்கள் சிக்கும் நெரிசலையும் ஏறும் மலையையும் நம் சித்திரை வெயிலையும் வைத்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்பது சோம்பேறிகளுக்கானது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுவது நல்லது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் மாற்றும் பேடில், பந்தயக் களத்தில் பிறந்தது. 1989-ஆம் ஆண்டு பிரேசில் கிராண்ட் பிரியில் நைஜல் மேன்செல் ஃபெராரி 640 காரை ஓட்டி வென்றபோது, அந்தக் காரில் இருந்தது அத்தகைய கியர்பாக்ஸ்தான். போர்ஷே நிறுவனம் தன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை 1980-களிலேயே பந்தயக் கார்களில் சோதித்து, 2008-இல் 911 காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் வந்த 911 ஜிடி3 காரில் மேனுவலே கிடையாது. வாடிக்கையாளர்கள் ஏங்கியதால் 2017-இல் அது திரும்பி வந்தது; அது மனத்துக்காக வந்ததே தவிர வேகத்துக்காக அன்று. 2023-இல் இந்தியாவுக்கு வந்த பி.எம்.டபிள்யூ. எம்2 காரை இரண்டு விதமாகவும் வாங்க முடிந்தது. நிறுவனம் தந்த கணக்குப்படி நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆட்டோமேட்டிக்குக்கு 4.1 விநாடியும் மேனுவலுக்கு 4.3 விநாடியும் ஆகின்றன.

ஓடும் பாதையைக் கணக்கெடுத்தல்

காட்சியகத்துக்குப் போவதற்கு முன், இப்போது வைத்திருக்கும் வண்டியில் ஒரு வாரம் எங்கெங்கே எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதைக் குறித்து வையுங்கள். மாலை ஆறு மணிக்குக் கோரிப்பாளையம் சந்திப்பைக் கடப்பதற்கும், சிம்மக்கல்லிலிருந்து மாசி வீதிப் பக்கம் திரும்புவதற்கும் ஆகும் நிமிடங்களைத் தனியாக எழுதுங்கள். சுற்றுச்சாலையிலும் திருமங்கலம் நான்கு வழிச்சாலையிலும் தடையின்றி ஓடிய நேரத்தை இன்னொரு பக்கம் எழுதுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் கனவில் நாம் எப்போதும் காலை ஐந்து மணிக்கு நத்தம் பறக்கும் பாலத்தின் 7.3 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருப்போம். உண்மையில் வண்டி நிற்கப்போவது பெரும்பாலும் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால்தான். அதிகத் திறனுள்ள எஞ்சினின் இழுவையைத் தாங்குவதற்காக அந்தக் கார்களின் கிளட்சில் அழுத்தம் கூடிய ஸ்பிரிங் வைக்கப்படுவதால், சிறிய காரின் கிளட்சைக் காட்டிலும் மிதிப்பதற்கு அது கனமாகவே இருக்கும். நெரிசல் நேரம் வாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வருமானால், இடது முழங்கால் சொல்லும் பதிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்டோமேட்டிக்

சிறிய கார்களில் வரும் ஏ.எம்.டி. என்பது மேனுவல் கியர்பாக்ஸின் மீது கிளட்சையும் கியரையும் இயக்கும் மோட்டாரைப் பொருத்தியது. கியர் மாறும்போது தலை முன்னே சாய்ந்து பின்னே வரும். சி.வி.டி.யில் கியர் என்ற படியே கிடையாது. விரைவாக ஓட்ட விரும்புபவர் இரண்டையும் ஒதுக்கிவிடலாம். மிஞ்சுபவை டார்க் கன்வெர்ட்டரும் இரட்டைக் கிளட்சும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு, இந்த இடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முன்பணம் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரட்டைக் கிளட்ச் வகையில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொரு கிளட்சும் உண்டு. மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருப்பதால், ஒரு கிளட்ச் விடும் நேரத்தில் மற்றது பிடித்துக்கொள்கிறது. இழுவை ஏறத்தாழ அறுபடுவதே இல்லை. குறை எங்கே என்றால், முதல் கியர் தாங்கும் குறைந்த வேகத்தைவிடவும் மெதுவாக வண்டி ஊரும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்க முடியாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வதைத்தான் அங்கே கணினி செய்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவை நாளொன்றில் மூன்றுமாவடி அருகே ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது, என் காரின் திரையில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, நிறுத்தவும் என்ற எச்சரிக்கை வந்தது. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, சூடு இறங்கும்வரை காத்திருந்தேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாங்கும்போது நான் கேட்கத் தவறிய கேள்வி எது என்பது அன்றுதான் புரிந்தது.

அந்தக் கேள்வி இதுதான்: கிளட்ச் எண்ணெயில் மூழ்கியதா, உலர்ந்ததா? எண்ணெயில் மூழ்கிய கிளட்சில் சூட்டை எண்ணெய் எடுத்துச் சென்றுவிடும். உலர்ந்த கிளட்சில் காற்றுதான் ஆற்ற வேண்டும், நம் ஊரில் கோடையில் அந்தக் காற்றே கொதிக்கிறது. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடியின் 1.5 லிட்டர் எஞ்சினோடு வரும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. (அந்த நிறுவனம் தன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு வைத்த பெயர்) உலர்ந்த வகையைச் சேர்ந்தது. அதே நிறுவனம் 2025-இல் இங்கே கொண்டுவந்த கோல்ஃப் ஜிடிஐ காரின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. எண்ணெயில் மூழ்கியது. பெயர் ஒன்று, எண்ணிக்கை ஒன்று, உள்ளே இருப்பது வேறு. உலர்ந்த வகை எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். அய்யர்பங்களாவிலோ நாகமலைப் புதுக்கோட்டையிலோ குடியிருந்து சுற்றுச்சாலை வழியாகவே போய்வருபவருக்கு அது போதும், தினமும் நகரின் நடுவுக்குள் நுழைய வேண்டியவருக்குப் போதாது.

டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெயே இழுவையைக் கடத்துவதால், ஊர்ந்து போகும்போது தேய்வதற்குத் தட்டு இல்லை; பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி தானாக நகரும். வேகம் எடுத்ததும் உள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்வதால் இழுவை நழுவிப்போகும் பழைய குறை இப்போது இல்லை. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் செய்யும் எட்டு கியர் வகை, பி.எம்.டபிள்யூ. எம்340ஐ முதல் டொயோட்டா சுப்ரா வரை பல கார்களில் இருக்கிறது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிப்பட்டிக்கும் இடையில் ஊருக்கு ஊர் வரும் வேகத்தடைகளில், தாழ்ந்த காரைச் சாய்வாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கும்போது இந்த வகையின் அருமை தெரியும். வலது கால் பிரேக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் அடிப்பகுதி தட்டாமல் கடந்துவிடலாம். மதுரை நகருக்குள்ளேயே பாதி வாழ்க்கை கழியும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், இதையே சொல்வேன்.

ஓட்டிப் பார்த்தல்

போர்ஷே போன்ற கார்களுக்கு நீங்கள் வெளியூர்தான் போக வேண்டியிருக்கும். எங்கே ஓட்டினாலும், விற்பனையாளர் கூட்டிச்செல்லும் அகலமான சாலையில் இரண்டு முறை மிதித்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்து பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா, ரிவர்சிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் தாமதிக்கிறதா என்பதைக் கவனியுங்கள். அடுத்து ஒரு மேட்டில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, வண்டி பின்னால் உருள்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, மேனுவல் முறைக்கு மாற்றி பேடிலால் ஓட்டுங்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு முக்கியமான சோதனை இதுவே. சில கார்களில் நீங்கள் எந்தக் கியரில் இருக்கச் சொன்னாலும், எஞ்சின் சுற்று எல்லையைத் தொட்டவுடன் அது தானாகவே அடுத்த கியருக்குப் போய்விடும். சில கார்கள் நீங்கள் சொல்லும்வரை அதே கியரில் நிற்கும். திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும்: வளைவின் நடுவில், ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது, கேட்காமல் கியர் மாறினால் காரின் சமநிலையே மாறிவிடும். வளைவுக்கு முன் பேடிலை இடப்பக்கம் இருமுறை தட்டியதும் எவ்வளவு சீக்கிரம் இறக்கித் தருகிறது என்பதையும் பாருங்கள். கியரை மேலே ஏற்றும்போது எல்லாக் கியர்பாக்ஸும் வேகமாகத்தான் இருக்கும், இறக்கும்போதுதான் தரம் தெரியும்.

மேனுவலே வேண்டும் என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்திலோ முறையாக ஓட்டக் கற்க விரும்புபவர், மிதிகளில் காலைப் பங்கிட்டு கியரை இறக்கும் கலையை மேனுவலில் கற்பதே சரி. அதை எந்தக் கணினியும் கற்றுத்தராது. ஞாயிறு காலை மட்டும் எடுக்கும் இரண்டாவது காருக்கும் அதுவே என் தேர்வாக இருக்கும். ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற எளிய விலைக் காரில் தொடங்குபவருக்குத் தேய்ந்த கிளட்ச் பிளேட்டை நம் ஊர் ஒர்க்‌ஷாப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் இருக்கிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதி பழுதானால் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. செலவும் லட்சங்களில் போகக்கூடும். எனவே ஆட்டோமேட்டிக் எடுப்பவர் நீட்டிக்கப்பட்ட வாரண்டியையும் விலையின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பின்

இரட்டைக் கிளட்ச் காரில் முன்னால் இருக்கும் வண்டி ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகராதீர்கள். ஒரு கார் நீளத்துக்கு இடம் விட்டு, ஒரேயடியாக நகர்ந்து, பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். முழுதாக மிதிக்கும்போதுதான் கிளட்ச் முழுதாக விடுகிறது. அந்த இடைவெளியில் பைக்குகள் புகுந்துகொள்ளும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிப்பது மேனுவல் நாட்களின் கெட்ட பழக்கம். இங்கே அது கிளட்சை எரித்துவிடும். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தில் பாயவைக்கும் லான்ச் கண்ட்ரோலை நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அடுத்தடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

மலை இறங்கும்போது டிரைவிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்புவது ஆபத்தானது. போடிமெட்டிலிருந்து 17 வளைவுகளும் இறங்கி வருபவர் இரண்டாவது கியரைத் தாமே தேர்ந்து, எஞ்சினையே பிடித்து நிறுத்த விட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் அப்படியே பொருந்தும்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று கார் நிறுவனம் எழுதியிருந்தாலும், எட்டு கியர் வகையைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் கியர் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கு நான் 80,000 என்ற அந்தக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்வேன். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்பதால், காருக்குள் ஜம்ப் கேபிள் ஒன்றை வைத்திருங்கள். வழியில் வண்டி நின்றுபோனால், எஞ்சின் இழுக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் சுற்றாமல் பாகங்கள் உராய்ந்து கெட்டுவிடும். நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று தொலைபேசியில் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.