பொலீட் காளானை உலர்மாதிரியாக்கிப் பதிவு செய்வது எப்படி?

மழை விட்ட மறுநாள் ஜவ்வாது மலைப் பக்கம் போனால், மரத்தடியில் பன் ரொட்டிபோல் தடித்த காளான் கண்ணில் படலாம். குடையைத் திருப்பிப் பாருங்கள். மடிப்புகளுக்குப் பதில் பஞ்சுபோல் நுண்துளைகள் இருந்தால் அது பொலீட் வகை. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். சொந்த நிலத்து மரத்தடியில் பழகுவதே நல்லது.

முதலில், பறிக்காமலே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு அடித்தண்டு முறியாதபடி கத்தியால் மண்ணோடு நெம்பி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றுங்கள்.

அன்றைக்கே நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். வெட்டியதும் கண்ணை எடுக்காதீர்கள். சில இனங்களில் மஞ்சள் சதைமீது மை ஊறுவதுபோல் நீலம் பரவும்; நிறமிகள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம். சிலவற்றில் சதை சிவக்கும், சிலவற்றில் ஒன்றும் நடக்காது. எந்த இடத்தில், எத்தனை வினாடியில், என்ன நிறம் என்று உடனே எழுதுங்கள். என் முதல் மாதிரிக்கு இதை எழுதாமல் விட்டேன். இன்று அது வெறும் பழுப்பு வற்றல். அதற்குப் பெயர் வைக்க வழியில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இன்னொரு குடையைத் துளைப்பக்கம் கீழிருக்க வெள்ளைத்தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடுங்கள். காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். பொலீட்களில் பெரும்பாலும் ஆலிவ் கலந்த பழுப்பு. அந்தத் தாளும் மாதிரியின் பகுதிதான்.

பொலீட்டில் நீரும் புழுவும் அதிகம். அரை சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, மின் உலர்த்தியில் 40 முதல் 50 டிகிரி சூட்டில் வையுங்கள். அப்பளம்போல் ஒடிய வேண்டும்.

இனி மாதிரியோடு வைக்கும் விவரச் சீட்டு. வெறுமனே மாவட்டப் பெயர் போதாது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1989-க்கு முன் வட ஆற்காடு, பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், அதன்பின் வேலூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். மலை நகரவில்லை, பெயர்தான் மாறியது. ஆகவே ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் எல்லாம் எழுதுங்கள். பல பொலீட்கள் மர வேரோடு ஒட்டி வாழ்பவை. எந்த மரத்தடி என்பதும் அவசியம். தேதி, பறித்தவர் பெயர், வரிசை எண். அதே எண்ணைப் படத்துக்கும் வித்துத்தாளுக்கும் இடுங்கள்.

காய்ந்த துண்டுகளையும் சீட்டையும் ஒரே காகித உறையில் மடித்து, காற்றுப் புகாத பையிலிட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், பூச்சிகள் செத்துவிடும்.