கேனோ படகின் அடித்தளத்தில் நுரைப்பலகை பதிக்கும் முறை

கண்ணாடியிழைத் துணியும், ஹார்டனர் என்ற திரவம் கலந்ததும் இறுகும் எபாக்சிப் பிசினும் கொண்டு வீட்டில் செய்த கேனோவில் மண்டியிட்டதும், எண்ணெய் டின்னின் அடியை விரலால் அழுத்தியது போல அடித்தளம் உள்வாங்கிப் புடைத்து ஆடுகிறது என்றால், மேலும் நான்கு அடுக்குத் துணியைப் போட்டு எடையைக் கூட்டுவதை விட, 5 மி.மீ. பிவிசி நுரைப்பலகையை உள்ளே பதித்து, அதன் மேல் மெல்லிய துணித் தோல் ஒன்றைப் போர்த்துவதே நல்லது. ஒரு தகட்டின் தடிமன் இருமடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். நுரைப்பலகை அந்தத் தடிமனை மிகக் குறைந்த எடையில் தந்துவிடுகிறது. மலிவு என்று தெர்மாகோல் வாங்க வேண்டாம். அது பாலியஸ்டர் பிசினில் கரைந்துவிடும், எபாக்சியில் கரையாவிட்டாலும் முழங்கால் அழுத்தத்தில் நசுங்கும்.

பலகையை மாவிலை வடிவில் வெட்டுங்கள். துடுப்புப் போடுபவர் மண்டியிடும் நடுப்பகுதியில் அகலமாகவும், இரு முனைகளிலும் கூர்மையாகவும் இருந்தால், விறைப்பு ஒரே இடத்தில் சட்டென்று முடிந்து அங்கே விரிசல் விழும் ஆபத்து குறையும். இதே காரணத்துக்காக, ஓரங்களை 20 மி.மீ. அகலத்துக்கு உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். பலகை முழுவதும் 5 செ.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளைகள் இடுங்கள், காற்று வெளியேற வேறு வழி கிடையாது.

படகின் உட்புறத்தை முதலில் நீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பின் 80 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும் வரை தேய்க்கவும். கழுவாமல் தேய்த்தால், இறுகிய எபாக்சியின் மேல் படிந்திருக்கும் மெழுகு போன்ற பிசுக்கு தேய்த்த இடத்திலேயே பரவி ஒட்டுதலைக் கெடுக்கும்.

வேலூர்ப் பக்கத்தில் இந்த வேலையின் வெற்றி தோல்வியை நேரமே முடிவு செய்கிறது. காலையில் தொடங்கினால் வெயில் ஏற ஏற நுரையின் அறைகளிலுள்ள காற்று விரிந்து, ஈரப் பிசினுக்குள் குமிழிகளாகக் கிளம்பும். என் முதல் படகில் அவை அப்பளம் பொரிந்தது போலவே எழும்பி நின்றன. வெயில் தாழ்ந்து வெப்பம் இறங்கும் மாலையில் தொடங்கினால் அந்தக் காற்று சுருங்கிப் பிசினை உள்ளிழுத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர நாட்களில் மாலையிலும் சூடு தணியாது என்பதால், மெதுவாக இறுகும் ஹார்டனரை வாங்கி, சிறு சிறு அளவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றிப் பயன்படுத்துங்கள்; குறுகலான டம்ளரில் விட்டால் கலவை தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும்.

படகை அதன் வளைவுக்கேற்ப வெட்டிய தாங்கிகளில் நிறுத்தி, இரு பரப்புகளிலும் வெறும் எபாக்சியைத் தடவிய பின், மைக்ரோபலூன் தூள் (உள்ளே வெற்றான நுண்ணிய உருண்டைகள்) எபாக்சியில் சேர்த்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் கலந்த பட்டியை (putty) படகின் உட்புறத்தில் பரப்புங்கள். பலகையை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தும்போது எல்லாத் துளைகளிலும் பட்டி எட்டிப் பார்க்க வேண்டும். பாலித்தீன் தாள் விரித்து, காய்ந்த மணல் நிரப்பிய சிறு பைகளை நெருக்கமாக அடுக்குங்கள். பாரத்தில் படகின் வடிவம் கோணியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இறுகிய பின் அந்தக் கோணல் நிரந்தரம்.

மறுநாள் ஓரங்களைப் பட்டியால் நிரப்பி, முகமூடி அணிந்து தேய்த்து, மாலையில் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை இரண்டு அடுக்காகப் போர்த்துங்கள். முதலாவது பலகையைத் தாண்டி 5 செ.மீ., அடுத்தது 8 செ.மீ. நீள வேண்டும்.

ஒரு வாரம் இறுக விட்டு, காவேரிப்பாக்கம் ஏரிக்கோ மோர்தானா அணைக்கோ படகை ஏற்றும் முன், ஒரு நாணயத்தால் அடித்தளம் முழுவதும் தட்டிக் கேளுங்கள். மந்தமான ஒலி வரும் இடத்தில் பலகை ஒட்டவில்லை. அங்கே இரண்டு துளைகள் போட்டு, மருந்துக்கடை ஊசிக்குழலால் ஒன்றில் எபாக்சியைச் செலுத்தி, மற்றொன்றின் வழியே அது வெளிவந்ததும் நிறுத்துங்கள்.