லப்டொப் சூடாகி அணைகிறதா? முதலில் புழுதியைப் பாருங்கள்

சோளகம் தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கம் கிறவல் புழுதி வீட்டுக்குள்ளும் வந்துவிடும். என் பழைய லப்டொப் வேலைக்கு நடுவே சொல்லாமல் கொள்ளாமல் அணையத் தொடங்கியது. அதில் ஓடும் இயங்குதளமான லினக்ஸை இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

முதலில் சூடுதானா என்று பாருங்கள். எல்எம்-சென்சர்ஸ் என்ற பொதியை நிறுவி, கட்டளை அடிக்கும் டெர்மினலில் சென்சர்ஸ் என்று அடித்தால் சிபியு வெப்பநிலை வரும். எனக்குச் சும்மா இருக்கும்போதே 75 பாகை. வீடியோ ஓடவிட்டதும் 98. பெரும்பாலான சிபியுக்கள் 100 பாகையை ஒட்டிய சூட்டைத் தாண்டினால் தம்மைக் காக்க அணைந்துவிடும். லினக்ஸ் எழுதிவைக்கும் பதிவைக் காட்டுகிற ஜேர்னல்சிடிஎல் கட்டளையால், அணைவதற்கு முன் லப்டொப் ஓடியபோது எழுதிய கடைசி வரிகளைப் பாருங்கள். பதிவு பாதியில் அறுந்திருந்தாலும் சூட்டின் மேல் சந்தேகத்தை விடாதீர்கள்; ஹார்ட்வெயார் நேரே மின்னை வெட்டினால் எதையும் எழுத நேரமிருக்காது. பழுதான பற்றரியும் இப்படிச் செய்யும்.

அப்புறம் பற்றரி இணைப்பை எடுத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். ஃபானுக்கும் செப்புக் குழாய் முடிகிற தகடுகளுக்கும் நடுவே செம்புழுதி கம்பளித் துண்டு மாதிரி அப்பியிருந்தது! விரலால் உரித்தே எடுத்தேன். மிச்சத்தை ஊதும்போது ஃபான் சுழலாமல் ஈர்க்கால் தடுத்துப் பிடியுங்கள். கண்டபடி சுற்றவிட்டால் பழுதாகும். சிபியுவின் சூட்டைச் செப்புக் குழாய்க்குக் கடத்தப் பூசியிருக்கும் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், பயறளவு போதும்.

இன்டெல் சிபியு என்றால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மல்டி என்ற மென்பொருளையும் நிறுவலாம். ஆனால் புழுதி அடைத்த மெஷினுக்கு அது பெரிதாக உதவாது.

இப்போது 52 பாகை. மெத்தையில் வைத்து வேலை செய்கிற பழக்கம்தான் போகவில்லை, அடியில் ஒரு பலகை வைக்கிறேன்.