வேலிக்கு முன்னால் தடம் பாருங்கள்: மலையடிவாரத் தோட்டங்களுக்கு ஒரு கையேடு

கோவை மாவட்டத்தில் தொண்டாமுத்தூர், ஆனைகட்டி, காரமடை, சிறுமுகை என்று மலையடிவாரத்தில் தோட்டம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வேலி போடலாம்?" அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, வந்தது எது, எந்த வழியாக வந்தது என்பது. பன்றிக்குப் போட்ட வேலி மயிலை நிறுத்தாது. மயிலுக்குக் கட்டிய வலையில் சாரைப்பாம்புதான் மாட்டும். முள்ளம்பன்றி தின்ற மரவள்ளிக்குக் காட்டுப்பன்றி மேல் பழி போட்டு, தோட்டம் முழுக்கக் கம்பி இழுத்தால், முள்ளம்பன்றி அந்தக் கம்பிக்கு அடியிலேயே வளை பறித்துக்கொண்டு மறுபடி வரும்.

அதனால் ஒரு வாரத்தைத் தடம் பார்க்க ஒதுக்குங்கள். காட்டுப் பக்க எல்லை, ஓடை உள்ளே நுழையும் இடம், வேலியில் ஓட்டை இருக்கும் இடம் ஆகியவற்றில் 3 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, சலித்த மணலை ஒரு விரற்கடை கனத்துக்குத் தூவுங்கள். சாயங்காலம் துடைப்பத்தால் நிரவிவிட்டு, காலை வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள். வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் குழிக்குள் நிழல் விழுந்து தடம் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணில் படாமல் போய்விடும்.

பன்றிக்கும் மானுக்கும் இரட்டைக் குளம்புதான். மான் தடம் குறுகலாக, நுனி கூராக இருக்கும். பன்றித் தடம் அகலமாக, நுனி மழுங்கலாக இருக்கும். ஈர மண்ணில் அதற்குப் பின்னால் இரண்டு சிறு புள்ளிகள் சற்று விலகிப் பதிந்திருக்கும். முள்ளம்பன்றியின் பின்னங்கால் தடம் ஒரு சின்னக் குழந்தையின் பாதம்போலத் தட்டையாக இருக்கும். பக்கத்தில் ஒரு முள்ளாவது உதிர்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

பயிரில் தெரியும் அடையாளமும் உதவும். ஏர் ஓட்டியதுபோல் மண் வரிசையாகப் புரண்டு கிடந்தால் பன்றி. இளநாற்று கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருந்து, பக்கத்தில் உருண்டைப் புழுக்கை கிடந்தால் முயல். இலை நுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் மான். மேல்தாடையில் முன்பல் இல்லாததால் அதனால் கடித்து வெட்ட முடியாது, பிடித்து இழுத்துத்தான் தின்னும். மரத்தடியில் சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டை கிடந்தால் பழந்தின்னி வௌவால்.

காட்டுப்பன்றி

அடிவாரத்தில் அதிகச் சேதம் இதனால்தான். மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி, வாழைக்கிழங்கு எல்லாம் அதற்குப் பிடித்தவை. மஞ்சள் காட்டுக்குள்ளும் வரும். மஞ்சளைத் தின்பதற்கு இல்லை, ஈர மண்ணில் புழு தேடிக் கிளறுவதற்கு.

பன்றிக்குக் கண் கூர்மை குறைவு, மூக்குதான் எல்லாம். முடிக்கழிவு தூவுவது, மண்ணெண்ணெய் நனைத்த கயிறு கட்டுவது, பழைய சேலை கட்டுவது போன்ற முறைகள் சில நாள் வேலை செய்வதும் பிறகு செய்யாமல் போவதும் இதனால்தான். புது வாசனைக்கு முதலில் தயங்கும். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் தாண்டிவிடும். இவற்றைப் பயிர் முழுக்காலத்துக்கும் நம்பாதீர்கள். சோளக்கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஒன்றை 5 நாள், அடுத்ததை 5 நாள் என்று மாற்றி மாற்றி வைத்து அந்தச் சில வாரங்களைக் கடத்தலாம். மழை பெய்தால் எதுவாக இருந்தாலும் மறுநாளே புதுப்பிக்க வேண்டும்.

நின்று காக்கும் முறைகளில் செலவு குறைந்தது ஓரப்பயிர். மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கமாக நடுங்கள். அதைப் பன்றி தின்னாது. உள்ளிருக்கும் சோளத்தின் வாசனையையும் ஆமணக்கு ஓரளவு மறைக்கும். சோளம் விதைப்பதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே ஆமணக்கு முளைத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் விதைத்தால், கதிர் வரும்போது ஓரப்பயிர் அடர்ந்திருக்காது.

சங்கிலி வலை போடுவதானால் உயரத்தைவிட அடிப்பாகத்துக்குச் செலவு செய்யுங்கள். பன்றி தாண்டுவது அரிது, மூக்கை விட்டு அடியைத் தூக்கும். 5 அடி வலையில் 1 அடியை மண்ணுக்குள் புதைத்து, புதைத்த பகுதியை வெளிப்பக்கமாக மடக்கிவிடுங்கள். முள்ளம்பன்றியும் வருமென்றால் மடக்கும் அளவை ஒன்றரை அடியாக்குங்கள். வலையோரம் பறிக்கத் தொடங்கினால் நகம் கம்பியில் தட்டும். இன்னும் தள்ளிப் போய்ப் பறிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றாது.

கொங்கு நாட்டு இட்டேரிகளின், அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதைகளின், இரண்டு பக்கமும் நின்ற கிளுவை வேலி இதற்கெல்லாம் மூத்தது. கோடையில் இலையுதிர்ந்து நிற்கும்போது 5 அடி நீளப் போத்துகளை (நடுவதற்கான கிளைத்துண்டுகளை) வெட்டி, ஓரிரு நாள் நிழலில் வைத்து, கோடை மழையை ஒட்டி அரை அடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்தில் நடுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வையுங்கள். வேலி அடைத்துக்கொள்ள மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் கீரியும் காட்டுப்பூனையும் ஆந்தையும் தங்குகிற வேலி அது. அவை இருக்கும் தோட்டத்தில் எலித்தொல்லை குறையும்.

சூரிய மின்வேலி

இதை அடி கொடுக்கும் கருவி என்பதைவிடப் பாடம் சொல்லும் கருவி என்பதுதான் சரி. விலங்கு முதன்முதலில் ஈரமான மூக்கால் கம்பியைத் தொடும்போது கிடைக்கும் அதிர்ச்சிதான் அதற்கு நினைவில் நிற்கும். அதனால் கம்பி கட்டிய அன்று இரவே மின்சாரம் ஓட வேண்டும். "பாட்டரி அடுத்த வாரம் வரும்" என்று வெறும் கம்பியை விட்டுவைத்தால், இதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று பன்றிக்கு நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

கம்பிக்கு மின்துடிப்பு கொடுக்கும் பெட்டிக்கு எனர்ஜைசர் என்று பெயர். அது 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு துடிப்பாக, பல ஆயிரம் வோல்ட்டில், நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும் அனுப்பும். தொட்ட விலங்கு பின்வாங்குவதற்கு அந்த இடைவெளிதான் வழிவிடுகிறது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகக் கொடுத்தால் அந்த இடைவெளியே கிடையாது. தசை இறுகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட திருட்டு மின்வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இரவில் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர்களும் இதேபோலச் சாகிறார்கள். எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். முறையான சூரிய வேலிக்கும் 2023-ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி, காட்டை ஒட்டிய நிலமென்றால் வனத்துறையில் பதிவு தேவை. வேலை தொடங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்றிக்கு நான்கு கம்பி போதும். முதல் கம்பி தரையிலிருந்து 6 முதல் 8 அங்குலத்தில், அதற்கு மேல் 8 அங்குலத்துக்கு ஒன்று. முதல் கம்பி ஓரடிக்கு மேல் ஏறினால் பன்றி அடியில் புகுந்துவிடும். முதுகு முடியும் தடித்த தோலும் அதிர்ச்சியை உணரவிடாது. மேடுபள்ளமான இடத்தில் கம்பத்தை நெருக்கி நட்டு, கம்பி தரையின் போக்கிலேயே போகும்படி செய்யுங்கள்.

வேலி வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு கம்பியில் இருக்காது, எர்த்தில் இருக்கும். மின்சாரம் கம்பியிலிருந்து விலங்கின் உடல் வழியாகக் கால்களுக்கு வந்து, மண் வழியாக எர்த் கம்பிக்குத் திரும்ப வேண்டும். சித்திரையில் காய்ந்த செம்மண் அந்த வழியை அடைத்துவிடும். 6 அடி நீள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பிகள் மூன்றை, 10 அடிக்கு ஒன்றாக, ஈரம் நிற்கும் இடத்தில் முழுதும் இறக்கி, ஒன்றோடொன்று கிளாம்ப் போட்டு இணையுங்கள். வீட்டு மின் எர்த்திலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்கட்டும். செம்புக் கம்பியை ஜிஐயோடு முறுக்கிக் கட்டினால் இணைப்பு அரித்துப்போகும். கோடையில் வாரம் ஒருமுறை ஒவ்வொரு எர்த்துக்கும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் ரொம்பக் காய்கிற இடமானால் கம்பிகளை ஒன்று விட்டு ஒன்று எர்த்தோடு இணைத்துவிடுங்கள். இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொடும் விலங்குக்கு, மண் காய்ந்திருந்தாலும் அடி விழும்.

வேலி சோதிக்கும் மீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். இருட்டுவதற்கு முன், எனர்ஜைசரிலிருந்து தூரத்திலுள்ள முனையில் அளந்து பாருங்கள். 4,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. புல் கம்பியைத் தொடுவது, உடைந்த இன்சுலேட்டர், சாய்ந்த மட்டை என்ற வரிசையில் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளுக்கு ஒருமுறை கம்பிக்குக் கீழே ஒன்றரை அடி அகலத்துக்குப் புல் செதுக்காவிட்டால், வேலி இருந்தும் இல்லாததுதான்.

மயில்

காலையில் விடிந்த சில மணி நேரமும், நான்கு மணிக்குப் பிறகும்தான் மயிலின் நேரம். விதைத்த காட்டில் விதை பொறுக்கும், நாற்றைக் கொத்தும், தக்காளியைக் குத்திப் பார்க்கும். நேரடி விதைப்பைக் குறைத்து, தட்டில் நாற்று வளர்த்து நடுவதுதான் இதற்கு நல்ல வழி. நேராக விதைத்தே ஆக வேண்டுமென்றால் விதையை ஊறவைத்து முளை கட்டி விதையுங்கள், அது மண்ணில் கிடக்கும் நாள் குறையும். சிவப்பு ஒரு பக்கமும் வெள்ளி ஒரு பக்கமும் உள்ள ரிப்பனை, இரண்டு மூன்று முறுக்கு விட்டு, பயிருக்கு ஓரடி மேலே, 15 அடிக்கு ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். முறுக்கு இல்லாவிட்டால் காற்றில் இரைச்சல் வராது. முளைத்து நான்கு இலை விடும்வரை மட்டும் கட்டுங்கள். அதற்கு மேலும் விட்டுவைத்தால் மயில் பழகிவிடும்.

பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டாதீர்கள். அதில் சாரைப்பாம்பு தலையை நுழைத்தால் செதில் பின்னோக்கிச் சிக்கி, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் வெயிலில் செத்துவிடும். எலியைத் தின்னும் பாம்பை நாமே கொன்றதாகும். வலை வேண்டுமென்றால் விறைப்பான பிளாஸ்டிக் வலையை இழுத்துக் கட்டி, அடியைத் தரையிலிருந்து அரை அடி தூக்கிவிடுங்கள். தினம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

விஷம் கலந்த தானியம், சுருக்குக்கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) எல்லாம் யாருக்கு வைத்தாலும் வேறு யாரையாவது கொல்லும். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயில் வாய் சிதறிய யானை பல நாள் பட்டினி கிடந்து சாகும். மயிலும் யானையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பன்றியைப் பொறுத்தவரை 2025-ல் தமிழக அரசு அறிவித்த முறை: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் சுடலாம். எல்லாவற்றையும் செய்ய வேண்டியது வனத்துறைதான், தோட்டக்காரர் அல்ல.

யானை

யானையைத் தோட்ட வேலியால் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மரத்தைத் தள்ளிக் கம்பியை அறுக்கும், மின்சாரம் கடத்தாத தந்தத்தால் கம்பத்தைச் சாய்க்கும். அதை உள்ளே இழுப்பதைக் குறைப்பதுதான் நம்மால் ஆவது. தவிடு, புண்ணாக்கு, அரிசி எல்லாவற்றின் வாசனையும் அதற்கு வெகுதூரம் எட்டும், உப்பையும் தேடி வரும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) படுக்கும் அறையின் சுவரோரம் இவற்றை அடுக்கி வைப்பதால்தான் சுவர் இடிகிறது. வீட்டிலிருந்து தள்ளி ஒரு கொட்டகையில், மூடி இறுகும் டிரம்மில் வையுங்கள். பலாவைப் பழுக்க விடாமல் காயாகவே இறக்குங்கள். காட்டுப் பக்க ஓரத்தில் வாழை, கரும்பு, மக்காச்சோளம் வேண்டாம்; கறிவேப்பிலை, மிளகாய், எலுமிச்சை வையுங்கள்.

யானை உள்ளே இருக்கிறதென்று தெரிந்தால் டார்ச் அடித்துக்கொண்டு பார்க்கப் போகாதீர்கள், நாயையும் அவிழ்த்துவிடாதீர்கள். துரத்தப்படும் நாய் உங்களை நோக்கித்தான் ஓடிவரும், அதன் பின்னால் யானையும் வரும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு உள்ளேயே இருங்கள்.

கிணற்றுக்கு 4 அடி உயரக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். தார்ப்பாய் விரித்த பண்ணைக் குட்டையில் விழுந்த எதுவும் வழுக்கி வழுக்கி ஏற முடியாமல் மூழ்கும், குழந்தையும்கூட. முடிச்சுப் போட்ட தேங்காய் நார்க் கயிறுகளை நான்கு மூலையிலும் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் சாக்கில் மண் நிரப்பிப் படிபோல அடுக்குங்கள்.

வீட்டைச் சுற்றி

பாம்பு எலியைத் தேடி வரும், எலி தீவனத்தைத் தேடி வரும். விறகு, செங்கல், தேங்காய் மட்டைக் குவியலை வீட்டிலிருந்து 30 அடி தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். கட்டுவிரியன் இரவில் வரும். அதன் கடி பலருக்கு வலிப்பதே இல்லை, தூக்கத்தில் கடித்தது தெரியாமலே போகும். அடிவாரத்தில் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் சொருகிக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தப் பாம்பு என்று தேடி நேரம் போக்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

சிறுத்தை நடமாடும் பகுதியில் வெளியே கட்டிய நாய், சிறுத்தைக்கு வைத்த இரைதான். ஆட்டுப் பட்டிக்கு மேலேயும் வலை வேண்டும்.

பயிர்ச்சேத நிவாரணத்துக்கு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமப் பதிவேடான அடங்கலில் அந்தப் பயிர் ஏறியிருக்கிறதா என்று விதைத்த மாதமே கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். போன போகத்துப் பயிரே அதில் நிற்பதால் தள்ளுபடியாகும் மனுக்கள் நிறைய. சேதமான அன்றே கால்தடத்தையும் பயிரையும், பக்கத்தில் ஒரு செருப்போ மண்வெட்டியோ அளவுக்கு வைத்து, படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை சாய்ந்த வாழையை வெட்டி அப்புறப்படுத்தாதீர்கள்.