முறுக்கில் உப்பு எவ்வளவு? மோர் முறையில் அளந்து பார்க்கலாம்

இங்கே சொல்லப்படும் மோருக்கும் அடுக்களை மோருக்கும் தொடர்பில்லை. கார்ல் ஃபிரீட்ரிக் மோர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த தரம்பார்த்தல் முறை இது; அதாவது, செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, எவ்வளவு செலவாகிறது என்பதிலிருந்து பொருளின் அளவைக் கணக்கிடுவது. சில்வர் நைட்ரேட் கரைசல் முதலில் உப்பிலுள்ள குளோரைடுடன் சேர்ந்து வெள்ளை வீழ்படிவாகும் (நீரில் கரையாத திடப்பொருளாகும்). குளோரைடு தீர்ந்த பிறகே பொட்டாசியம் குரோமேட்டுடன் வினைபுரிந்து சிவப்பு நிறம் காட்டும். குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் இதை வீட்டில் செய்யாமல், கையுறை அணிந்து ஆய்வகத்திலேயே செய்ய வேண்டும்.

முதலில் 2.12 கிராம் சில்வர் நைட்ரேட்டை வாலைவடிநீரில் கரைத்து 250 மி.லி. ஆக்கிப் பழுப்புநிறப் புட்டியில் வையுங்கள். இது ஏறத்தாழ 0.05 நார்மல் கரைசல் (நார்மல் என்பது செறிவின் அலகு). குழாய்நீரிலேயே குளோரைடு இருப்பதால் அது எந்தக் கட்டத்திலும் உதவாது. உலர்த்திய தூய சோடியம் குளோரைடு 0.7305 கிராமை 250 மி.லி. ஆக்கி, அதில் 10 மி.லி. எடுத்துத் தரம்பார்த்தால் சில்வர் நைட்ரேட்டின் உண்மையான செறிவு தெரிந்துவிடும். சமையல் உப்பில் ஈரமும் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருப்பதால், இந்த இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது.

முறுக்கை நன்றாகப் பொடித்து 10 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான வாலைவடிநீர் 150 மி.லி. சேர்த்துப் பத்து நிமிடம் கலக்குங்கள். நான் முதல் முறை கொதிநீரை ஊற்றியதில் அரிசிமாவு கஞ்சியாகி, வடிதாளில் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டிருந்தது. வடித்த நீரை 250 மி.லி. திட்டக்குடுவையில் (கழுத்தில் அளவுக்கோடு உள்ள குடுவை) சேர்த்து, தாளில் தங்கிய மாவை இருமுறை கழுவி அந்நீரையும் சேர்த்து, ஆறிய பிறகே கோடுவரை நிரப்புங்கள்.

இதில் 50 மி.லி. எடுத்துக் கூம்புக்குடுவையில் விட்டால், அதில் 2 கிராம் முறுக்கின் உப்பு இருக்கும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7 முதல் 10 வரை இருக்க வேண்டும்; புளிப்பு மசாலா தூவிய சிப்ஸ் என்றால் ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் சேர்ப்பது அவசியம். பிறகு 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் 1 மி.லி. விட்டு, பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த, திருகுள்ள நீண்ட குழாய்) சில்வர் நைட்ரேட்டைச் சேர்க்கத் தொடங்கலாம். கண்ணாடித் திருகு கொண்ட பியூரெட் எனக்குப் பிடிக்காது. டெஃப்லான் திருகுள்ள 25 மி.லி. பியூரெட் இருந்தால் கடைசிச் சொட்டுகள் உங்கள் கைக்கு அடங்கும்.

நான் சறுக்கியது, சொட்டுவதை நிறுத்த வேண்டிய கட்டமான முடிவுநிலையில்தான். பாடநூலில் செங்கல் சிவப்பு என்று படித்திருந்ததால் அந்த நிறம் வரும்வரை சொட்டிக்கொண்டே போனேன். உப்பு ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே வந்தது. உண்மையில், சொட்டு விழும் இடத்தில் தோன்றும் சிவப்பு, குலுக்கியதும் மறையும். பின்னர் மறையத் தாமதிக்கும். எலுமிச்சை மஞ்சளாக இருந்த கலங்கல் முழுவதும் மங்கிய ஆரஞ்சுச் சாயல் பெற்று அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவு. பக்கத்திலேயே, உப்பில்லாத வாலைவடிநீரில் கால்சியம் கார்பனேட்டும் குரோமேட்டும் கலந்த குடுவை ஒன்றை வெள்ளை ஓட்டின்மேல் வைத்து ஒப்பிட்டால் கண் ஏமாறாது. அந்தக் குடுவை நிறம் மாறத் தேவைப்படும் அளவை, பொதுவாகச் சில சொட்டுகளை, அளவீட்டிலிருந்து கழித்துவிடுங்கள்.

சரியாக 0.05 நார்மல் கரைசலில் 1 மி.லி., 2.922 மில்லிகிராம் உப்புக்குச் சமம். எடுத்துக்காட்டாக அளவீடு 12.4 மி.லி., கழிக்க வேண்டியது 0.2 மி.லி. எனில், 12.2 × 2.922 = 35.6 மில்லிகிராம், அதாவது 100 கிராம் முறுக்கில் 1.78 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாக்கெட்டில் சோடியம் மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அதை 2.54 ஆல் பெருக்கி ஒப்பிடலாம். ஆனால் சமையல் சோடாவிலும் அஜினோமோட்டோவிலும் உள்ள சோடியம் நம் அளவீட்டில் சிக்காது.

பின்சேர்க்கை: கார மிக்சரில் முயன்ற வாசகர் ஒருவருக்கு, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்கூட விடுவதற்கு முன்பே கரைசல் சிவந்துவிட்டது. அவர் கால்சியம் கார்பனேட்டுக்குப் பதிலாகச் சலவைச் சோடாவைப் போட்டிருந்தார். சலவைச் சோடா போன்ற காரப்பொருளில் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது) மஞ்சள்தூள் சிவக்கும். மஞ்சளும் மிளகாயும் மிகுந்த பண்டத்தை உலையில் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைக் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் நடுநிலையாக்கித் தரம்பார்ப்பதே மேல். வெப்பம் 550 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உப்பின் ஒரு பகுதி ஆவியாகிவிடும்.